மூலிகைக்காரி எண்ணாத காசு

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒரு கடைக்குப் போவோம். மூலிகை விற்கும் கடை. அங்கே இருப்பவள் கண் தெரியாத ஒரு பெண். பூண்டு, ஜின்செங் வேர், கந்தகச் சாம்பல், சிலந்திப் பட்டு என்று மந்திரத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் அவளிடம் கிடைக்கும். என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று கேட்பாள். விலையைச் சொல்வாள். அப்புறம் காசை நாமேதான் எண்ணி வைக்க வேண்டும். எத்தனை வைத்தோம் என்று அவளால் பார்க்க முடியாது. குறைத்து வைத்தாலும் சரக்கைக் கொடுத்துவிடுவாள்.

இது 1985இல் வெளிவந்த 'அல்டிமா 4' என்ற கணினி விளையாட்டில் வரும் கடை. அதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கேரியட் என்ற அமெரிக்கர். நான் அதை விளையாடியது அது வெளிவந்து இருபது வருடங்களுக்கும் மேலே கழித்து. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன பழைய காலத்துப் படங்கள்தான். மரம் என்றால் மரம் மாதிரி ஒரு புள்ளிக்கோலம், அவ்வளவே. அந்தக் கடைக்கு முதல் தடவை போனபோது என் பாத்திரத்திடம் காசு குறைவாக இருந்தது. ஒரே ஒரு காசு வைத்தேன். சரக்கு வந்தது. திரையில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்தடுத்து இன்னும் சில தடவை அதையே செய்தேன்.

பல மணி நேரம் ஆடிய பிறகு, அரண்மனையில் ஹாக்விண்ட் என்ற ஞானியைப் பார்த்தேன். நேர்மையில் நான் எப்படி என்று கேட்டேன். நீ திருடன் என்றார்.

இரவு பதினொரு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது.

பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகள், அதாவது ஆர்.பி.ஜி. என்று பிள்ளைகள் சொல்கிற வகை, ஆளை ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது என்று பேச நிலையத்தார் என்னை அழைத்தபோது, அந்த இரவுதான் என் நினைவுக்கு வந்தது. நான் செய்ததை யாரோ நினைவில் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்த வகை விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதிகள். அதற்கு முன்பு அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அதில் ஒருவர் ஒரு சேனையையே நகர்த்துவார். புதிய விளையாட்டில் ஒருவருக்கு ஒரே ஓர் ஆள். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று எண்கள் உண்டு, பட்ட அனுபவத்துக்கு ஏற்ப ஏறுகிற படிநிலை உண்டு. நாம் தாயக்கட்டை உருட்டுவது போல அவர்கள் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டினார்கள்.

எண்ணையும் பகடையையும் விட முக்கியமான ஒன்று அந்த மேசையில் இருந்தது. கதையை நடத்திச் செல்லும் ஒரு மனிதர். நடுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் சத்திரக்காரனிடம் பொய் சொல்லிவிட்டு வந்தீர்களா? இந்த வாரம் அதே சத்திரத்துக்குப் போனால் கதவு திறக்காது. அந்த நடுவருக்கு ஞாபகம் இருக்கும். யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்ய நினைத்தால், சரி, செய்து பார் என்று அதற்கும் இடம் கொடுப்பார்.

அடுத்த வருடமே, 1975இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற பெரிய கணினி அமைப்பில் மாணவர்கள் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அது பாடம் நடத்துவதற்காக வைத்திருந்த கணினி. விளையாட்டு என்று தெரிந்தால் நிர்வாகிகள் அழித்துவிடுவார்கள். அதனால் ஒன்றுக்கு 'பெடிட்5' என்று அலுவல் கோப்பு மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். அதையும் கண்டுபிடித்து அழித்தார்கள். மாணவர்கள் மறுபடி எழுதினார்கள். ஆனால் கணினிக்குள் போனது எண்கள் மட்டும்தான். நினைவு வைத்திருக்கும் அந்த மனிதர் மேசையிலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு வந்த நல்ல ஆர்.பி.ஜி.கள் எல்லாம் அவரைத் திரும்ப அழைத்து வரும் முயற்சிகள் என்றே எனக்குத் தோன்றும்.

எண்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றிலும் பெரிய சுகம் இருக்கிறது. ஜப்பானில் 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' இதற்கு நல்ல உதாரணம். யூஜி ஹோரி வடிவமைத்தது. அரசரிடம் விடைபெற்று அரண்மனையை விட்டு வெளியே வருகிறீர்கள். அங்கிருந்து பார்த்தால், தண்ணீருக்கு அந்தப் பக்கம், கடைசியில் நீங்கள் போக வேண்டிய அரக்கனின் கோட்டை தெரியும். சில கட்டங்கள் தூரம்தான். ஆனால் போக வழி இல்லை. உங்கள் எதிரில் வருவதோ ஸ்லைம் என்ற, சொட்டு நீர் போன்ற ஒரு சின்னப் பிராணி. அதோடு சண்டை போட்டே உயிர் பாதி போய்விடும். நாலு ஸ்லைமை அடித்துவிட்டு ஊருக்கு ஓடிவந்து சத்திரத்தில் படுப்பீர்கள். காசு சேர்த்து ஒரு தடி வாங்குவீர்கள். படிநிலை ஏறும். நேற்றுப் பயந்து திரும்பிய பாலத்தை இன்று கடப்பீர்கள்.

அதில் இன்னொரு நல்ல குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செத்துப்போனால் அரசர் முன்னால் கண் விழிப்பீர்கள். கையில் இருந்த காசில் பாதி போயிருக்கும், அனுபவப் புள்ளி அப்படியே இருக்கும். கற்றது வீணாகாது. கைவேகம் இல்லாதவர்களும், வயதானவர்களும், நிதானமாக ஆடுகிறவர்களும் பொறுமை இருந்தால் கடைசிவரை போய்விடலாம். கடைசியில் அந்த அரக்கன் சண்டைக்கு முன்னால் ஒரு பேரம் பேசுவான்: என்னோடு சேர்ந்துகொள், உலகில் பாதியைத் தருகிறேன் என்பான். சம்மதம் என்று சொல்லிப் பாருங்கள். அத்தனை நாள் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

ஆனால் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருப்பது போதாது. இன்று கைப்பேசியில் ஆர்.பி.ஜி. என்ற பெயரில் பல வருகின்றன. தினமும் வந்து தொட்டால் ஒரு பரிசு, பணம் கட்டினால் பலசாலியான ஒரு பாத்திரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எண் ஏறும், யார் ஏறினாலும் ஒரே மாதிரி ஏறும். அதில் நீங்கள் யார் என்பதற்கு இடமே இல்லை. பிள்ளைகள் அதில் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த வகை விளையாட்டு தரக்கூடியது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாமலே போகிறதே என்ற வருத்தம்.

அல்டிமாவுக்குத் திரும்பி வருகிறேன். அதன் மூன்றாம் பாகம் வந்த பிறகு கேரியட்டுக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றைப் படித்தபோது அவருக்குத் தெரிந்தது: அவருடைய விளையாட்டுகளில் ஆடுகிறவர்கள் கடைகளில் திருடினார்கள், ஊர்க்காரர்களைக் கொன்றார்கள், அப்படியே போய்க் கடைசி அரக்கனையும் கொன்று வீரன் என்று பெயர் வாங்கினார்கள். அது அவரை உறுத்தியது. நாலாம் பாகத்தில் கடைசி அரக்கனே கிடையாது. நல்ல மனிதர் ஆவதுதான் நோக்கம். அந்த நிலைக்கு அவர் வைத்த பெயர் 'அவதார்'. ஆம், நம் அவதாரம்தான். அதில் வரும் எட்டு அறங்களுக்கும் எட்டு ஆலயங்கள், ஒவ்வொன்றிலும் தியானம் செய்ய ஒரு மந்திரம். ஆன்மிகத்துக்கு உரிய மந்திரம் 'ஓம்'. அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு நான் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் தொடங்குவதே கேள்விகளில்தான். குறி சொல்லும் பெண் ஒருத்தி ஏழு கேள்வி கேட்பாள். ஒன்று இப்படி: யாரும் எண்ணிப் பார்க்காத பொற்காசுப் பையை ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். வழியில் ஒரு பிச்சைக்காரர். ஒரு காசு எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. கொடுப்பீர்களா, பையை அப்படியே சேர்ப்பீர்களா? ஒரு பக்கம் நேர்மை, மறுபக்கம் இரக்கம். தப்பான விடை என்று எதுவும் இல்லை. நீங்கள் எதை மேலே வைக்கிறீர்கள் என்பதை வைத்து உங்கள் பாத்திரம் அமையும். பணிவை மேலே வைத்தவர் ஆடு மேய்ப்பவராகத் தொடங்குவார். இருப்பதிலேயே பலம் குறைந்த பாத்திரம் அதுதான். பணிவைத் தேர்ந்தெடுத்ததற்கு என்ன விலை என்பதை ஆட்டம் முழுக்க உணர வேண்டும்.

அதற்குப் பிறகு எல்லாமே சத்தமில்லாமல் கணக்கில் ஏறும். பிச்சை போட்டால் இரக்கம் கூடும். சண்டையில் புறமுதுகிட்டால் வீரம் குறையும். வைத்தியரிடம் போனால், பிறருக்காக உன் ரத்தம் தருவாயா என்று கேட்பார். தந்தால் தியாகம் கூடும், உங்கள் உயிர்ப் புள்ளியில் நூறு போகும். இந்த அறக் கணக்கின் எந்த எண்ணும் திரையில் தெரியாது. அது மறைந்திருப்பதால்தான் அது வேலை செய்கிறது. கண்ணெதிரே ஓர் அளவுகோல் இருந்திருந்தால் நான் மூலிகைக்காரிக்குக் கொடுத்த காசு அந்த அளவுகோலுக்குக் கொடுத்த காசாக இருந்திருக்கும்.

முப்பது வருடம் கழித்து, 2015இல், டோபி ஃபாக்ஸ் என்பவர் பெரும்பாலும் தானே உருவாக்கிய 'அண்டர்டேல்' இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனது. அதில் வரும் எந்தப் பூதத்தையும் கொல்லாமலே கடைசிவரை போகலாம். தடவிக்கொடுக்கலாம், பேசலாம், விட்டுவிடலாம். ஆனால் இருபது முப்பது வருடம் ஆர்.பி.ஜி. ஆடிய கை சும்மா இருக்காது, அனுபவப் புள்ளிக்காக அடிக்கும். கடைசியில்தான் தெரியும், அதில் அந்தப் புள்ளிகள் அனுபவத்தைக் குறிக்கவில்லை, நீங்கள் செய்த கொலைகளைக் குறிக்கின்றன என்று. ஆரம்பத்திலேயே டோரியல் என்று ஒரு தாய் மனம் கொண்டவள் வருவாள். உங்களைப் பாதுகாக்கத்தான் வழியை மறிப்பாள். தெரியாமல் அவளைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல், ஆட்டத்தை முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் இந்தத் தடவை காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக வெளியே வந்தால், பூ வடிவில் ஒரு பாத்திரம் எதிரே நிற்கும். நீ அவளைக் கொன்றாய், அப்புறம் வருந்தித் திரும்பி வந்தாய், எனக்குத் தெரியும் என்று சொல்லும். அழித்து எழுதினாலும் அழியாத நினைவு. மேசை நடுவரால்கூட இதைச் செய்ய முடியாது.

நினைவு என்றால் தண்டிப்பது மட்டும் இல்லை. எஸ்டோனியாவில் தொடங்கிய ஒரு குழு உருவாக்கி 2019இல் வந்த 'டிஸ்கோ எலீசியம்' இருக்கிறதே, அதில் சண்டையே கிட்டத்தட்ட கிடையாது. குடித்துக் குடித்துத் தன் பெயரைக்கூட மறந்துவிட்ட ஒரு துப்பறிவாளர், துறைமுகப் பகுதி ஒன்றில் கண் விழிக்கிறார். அவருடைய 24 திறன்களும் தலைக்குள் ஆளுக்கொரு குரலில் பேசும். தர்க்கம் ஒன்று சொல்லும், பரிவு வேறொன்று சொல்லும். எதை முயன்றாலும் இரண்டு பகடை உருளும். இரண்டு ஆறு விழுந்தால் எப்பேர்ப்பட்ட காரியமும் பலிக்கும், இரண்டு ஒன்று விழுந்தால் எளிய காரியமும் கெடும். கெட்டால் என்ன ஆகும் என்பதுதான் அதன் அழகு. கதை நிற்காது. விடுதியில் எல்லோர் முன்பும் பாடப் போய்க் குரல் உடைந்து போனாலும், அந்த உடைந்த பாட்டும் ஒரு காட்சியாகும். கூடவே வரும் கிம் கிட்சுராகி என்ற அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். அவர் நம்மை மதிக்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை, எந்தக் கொலையாளியைப் பிடிக்கும் ஆசையையும் விடப் பெரிதாக இருந்தது.

2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3'இலும் இதே ஆசைதான் ஆளை நடத்திச் செல்கிறது. தஞ்சம் புகுந்தவர்கள் இருக்கும் சோலையை நீங்கள் எதிரிகளோடு சேர்ந்து அழித்தால், கூட வந்த நண்பர்கள் சிலர் உங்களோடு இருக்க முடியாது என்று போய்விடுவார்கள். கார்லாக் என்று ஒருத்தி, நெருப்பு இதயம் கொண்டவள், சிரித்துக்கொண்டே இருப்பவள், அவள் போய்விடுவாள். கதை தொடரும், அவள் இடம் காலியாகவே இருக்கும்.

இதுவரை ஆடிப் பார்க்காதவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், வாசிப்பதில் விருப்பம் உள்ளவர்களுக்கு டிஸ்கோ எலீசியம் என்பேன். சிறுவர்களோடு சேர்ந்து ஆட டிராகன் குவெஸ்ட். அல்டிமா 4 பழையது, கொஞ்சம் சிரமம். எங்கே போக வேண்டும் என்று அது சொல்லாது. ஊரில் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் பெயர் என்ன, தொழில் என்ன என்று நீங்களே தட்டச்சு செய்து கேட்க வேண்டும். அவர்கள் பதிலில் வரும் ஒரு சொல்லைப் பிடித்து அடுத்த கேள்வி கேட்க வேண்டும். அதனால் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும்.

என் நோட்டு இன்னும் இருக்கிறது. ஊர்ப் பெயர்கள், மந்திரங்கள், யார் யாரைப் பார்க்கச் சொன்னார்கள் என்ற குறிப்புகள். ஹாக்விண்டைப் பார்த்த இரவின் பக்கத்தில் மட்டும் ஒரு கூட்டல் கணக்கு. மூலிகைக்காரிக்கு எத்தனை தடவை குறைத்து வைத்தேன், மொத்தம் எவ்வளவு என்று. அடுத்த நாள் அவள் கடைக்குப் போய் முழு விலையும் வைத்தேன், அதற்கடுத்த நாளும் வைத்தேன். நேர்மை ஆலயத்தில் தியானம் கைகூட அதற்கப்புறம் வெகுநாள் ஆனது.

நன்றி, வணக்கம்.