நொச்சியின் பெயரில் ஒரு மேப்பிள்

நண்பர்களே, நொச்சியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சளி பிடித்தால் அதன் இலையைப் போட்டுத்தான் ஆவி பிடிக்கிறோம். அந்த நொச்சியின் பெயரைத் தாங்கிய மேப்பிள் மரம் ஒன்று வட அமெரிக்காவில் இருக்கிறது. ஆசர் நெகுண்டோ என்பது அதன் பெயர். மேப்பிள் இலை என்றதும் விரித்த உள்ளங்கைதானே நினைவுக்கு வரும்? இதற்கு அப்படி இல்லை. ஒரே காம்பில் மூன்று, ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள், நொச்சியைப் போலவே. அதனால்தான் நிர்குண்டி என்ற நம் நாட்டுப் பெயர் திரிந்து, நெகுண்டோவாக அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

இன்று ஐரோப்பாவில் இதைக் களை மரம் என்று ஏசுகிறார்கள். ஆனால் சொந்த மண்ணில் அது சாதுவான ஆற்றங்கரை மரம். அதன் சாற்றைக் காய்ச்சிப் பழங்குடிகள் சர்க்கரை எடுத்தார்கள். அரிசோனா குகையில் 1931இல் கிடைத்த புல்லாங்குழல்கள் இந்த மரத்தில் செய்தவை. வயது ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல். அப்படி ஏசுகிறவர்கள் அந்தக் குழல்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, ஐரோப்பாவுக்கு எப்படிப் போனது? மனிதன்தான் கொண்டுபோனான். 1688இல் லண்டன் ஃபுல்லமில், பிஷப் ஹென்றி காம்ப்டனின் தோட்டத்தில் அது வளர்ந்தது. அப்புறம் பூங்கா, சாலையோரம், சோவியத் நகரங்கள் என்று எங்கும் நட்டார்கள். குளிரைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், மளமளவென்று வளர்ந்து நிழல் தரும். வேறென்ன வேண்டும்?

அந்த வேகம்தான் இன்று வினையாகி நிற்கிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இலையெல்லாம் உதிர்ந்த பனிக்காலத்திலும் பெண் மரத்தில் இறக்கை முளைத்த விதைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காற்று கொஞ்சம் தூக்கிப் போகும், ஆறு மீதியை இழுத்துப் போகும். ஐரோப்பிய ஆற்றங்கரைகளில் வில்லோ, பாப்லர் மரங்கள்தான் காலங்காலமாக உரிமைக்காரர்கள். அவற்றின் கன்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நெகுண்டோ கன்றோ நிழலிலும் பொறுமையாகக் காத்திருக்கும். கிழட்டு வில்லோ ஒன்று சாய்ந்ததும் அந்த இடம் இதற்குத்தான். பிரான்சின் ரோன் நதிக்கரையில் இதுதான் நடக்கிறது.

கோடரி எடுத்து வெட்டிவிட்டால் தீர்ந்ததா? வெட்டிய கட்டையைச் சுற்றிப் பச்சைக் குச்சிகள் சரசரவென்று கிளம்பும். மேலே வெண்பொடி பூசினாற்போல இருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் பொடி போய்ப் பச்சை பளிச்சிடும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதை விட்டுவைத்தால் ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதரே நிற்கும். அதனால் விதை முற்றும் முன்பே பெண் மரத்தை வெட்ட வேண்டும், துளிர்க்கத் துளிர்க்க ஒடிக்க வேண்டும். கன்றாக இருந்தால், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு கையாலேயே பிடுங்கிவிடலாம்.