நேற்றைய மேட்ச் பிரித்ததை 1930 சேர்த்துவைக்கும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு டிரான்ஸ்ஃபர் செய்தி கிடையாது, மேட்ச் அலசலும் கிடையாது. கால்பந்து ரசிகர்கள் தினமும் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொள்ளும் பழைய வரலாற்றுக் கேள்விகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ட்ரிவியா என்று சொல்லுங்கள், துணுக்கு என்று சொல்லுங்கள், இரண்டும் எனக்குச் சம்மதம். இதைப் பற்றி ஒரு வீடியோ போட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது.

நான் இருக்கும் சாட் குரூப்பில் ரியல் மாட்ரிட் ரசிகர்களும் இருக்கிறார்கள், பார்சிலோனா ரசிகர்களும் இருக்கிறார்கள். லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு பக்கமும் ஆள் உண்டு. பெரிய மேட்ச் முடிந்த ராத்திரி அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜெயித்தவர்கள் ஆடித் தீர்ப்பார்கள், தோற்றவர்கள் ரெஃப்ரியைத் திட்டுவார்கள், சிலர் ஃபோனை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். சிக்கல் மறுநாள் காலையில்தான். முதல் மெசேஜை யார் போடுவது? குட்மார்னிங் சொன்னால்கூடக் குத்திக்காட்டுவது போலத் தெரியும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் இப்படி ஒரு கேள்வியைப் போடுவார்: "1930 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் முதல் பாதிக்கு ஒரு பந்து, இரண்டாம் பாதிக்கு வேறு பந்து. ஏன்?"

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

பதில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மான்டிவிடியோவில் உருகுவேயும் அர்ஜென்டினாவும் மோதின. எந்தப் பந்தில் ஆடுவது என்பதிலேயே தகராறு. எங்கள் பந்துதான் வேண்டும் என்று இரண்டு அணியும் அடம்பிடித்தன. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. அர்ஜென்டினாவின் பந்தில் ஆடிய முதல் பாதி முடியும்போது அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலை. உருகுவேயின் பந்து வந்ததும் உருகுவே மூன்று கோல் போட்டது. 4-2, கோப்பை உருகுவேக்கு. அந்த நான்காவது கோலைப் போட்டவர் எக்டர் காஸ்ட்ரோ. சிறு வயதில் மின்ரம்பத்தில் வலது முன்கையை இழந்தவர். முதல் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி கோல் அவருடையது.

இப்போது கவனியுங்கள். பந்து மாறியதால்தான் ஆட்டம் மாறியதா, இல்லை உள்ளூர்க் கூட்டத்தின் சத்தமா என்று குரூப்பில் விவாதம் ஆரம்பிக்கும். முந்தைய ராத்திரி முறைத்துக்கொண்ட மாட்ரிட் ஆளும் பார்சிலோனா ஆளும் இதில் ஒரே கட்சியில் இருப்பார்கள். 1930-இல் நம் யாருக்கும் காயம் படவில்லை. அந்தத் தோல்வி நம் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. அதனால் அங்கே போய் எல்லோரும் நிம்மதியாக உட்கார முடிகிறது. கால்பந்தின் பழைய வரலாறு எங்களுக்குச் செய்கிற பெரிய உபகாரம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் எல்லாக் கேள்வியும் இப்படி வேலை செய்யாது. எத்தனை கோல், எந்த வருஷம் என்று கேட்டால் தெரிந்தவர் பதிலைப் போடுவார், இரண்டு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். உதாரணமாக, ஒரே உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர் யார்? 1958-இல் பிரான்ஸின் ஜஸ்ட் ஃபோன்டெய்ன், ஆறு மேட்சில் 13 கோல். சரி, அப்புறம்? அதையே, "உலகக் கோப்பைச் சாதனையை இரவல் ஷூவில் செய்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபோன்டெய்னின் ஷூ அந்தத் தொடரின்போது பாழாகிவிட்டது. அணியில் இருந்த ஸ்டெஃபான் புருவேயின் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் ஆடினார். இப்போது பேச்சு எங்கெங்கோ போகும். புருவேக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும், இரவல் ஷூ காலுக்கு எப்படிச் சேர்ந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். தகவல் அதேதான், கேட்ட விதம்தான் வேறு.

"பெனால்டி கிக்கைக் கொண்டுவந்தது யார்?" என்ற கேள்வியும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதில், ஒரு கோல்கீப்பர்! அயர்லாந்தின் மில்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் முன்வைத்த யோசனை அது. 1891-இல் விதியாயிற்று. உலகத்திலிருக்கும் கோல்கீப்பர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு சோதனையை வைத்தது அவர்களில் ஒருவரேதான். அதிலிருந்து பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போகலாம். 1968 யூரோ கோப்பை அரையிறுதியில் நேப்பிள்ஸில் இத்தாலியும் சோவியத் யூனியனும் எக்ஸ்ட்ரா டைம் முடிந்தும் 0-0. இறுதிக்கு யார் போவது? காசு சுண்டித்தான் முடிவு செய்தார்கள். இத்தாலி கேப்டன் ஃபக்கெட்டி சரியாகச் சொன்னார், இத்தாலி இறுதிக்குப் போய்க் கோப்பையையும் ஜெயித்தது. 1970-இல்தான், டிராவான மேட்சைப் பெனால்டி அடித்தே தீர்மானிக்கும் ஷூட்அவுட் விதிக்குள் வந்தது. ஷூட்அவுட் வெறும் லாட்டரி என்று யாராவது புலம்பும்போதெல்லாம் எனக்கு அந்த நாணயம் நினைவுக்கு வந்துவிடும்.

எங்கள் குரூப்பில் எல்லோரும் ஒருமனதாக முதலிடம் கொடுக்கும் மேட்ச் ஒன்று இருக்கிறது. உலகக் கோப்பை மேட்ச் இல்லை, பெரிய கிளப் மேட்சும் இல்லை. 1994 ஜனவரி 27, கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்று, பார்படோஸும் கிரனடாவும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை கேட்பவர்கள் நம்பவே மாட்டார்கள்.

அந்தப் போட்டியின் விதிப்படி எந்த மேட்சும் டிராவில் முடியக் கூடாது. எக்ஸ்ட்ரா டைமில் முதல் கோல் விழுந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும். அந்தக் கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு. இந்த இரண்டாவது விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பார்படோஸ் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமானால் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். 2-0 என்று முன்னிலையில்தான் இருந்தார்கள். 83-ஆவது நிமிடத்தில் கிரனடா ஒரு கோல் போட்டு 2-1 ஆக்கிவிட்டது. இப்படியே முடிந்தால் ஜெயித்தும் பார்படோஸ் வெளியே. நேரமோ குறைவு. கிரனடாவின் தடுப்பை உடைத்து இன்னொரு கோல் போட முடியுமா? சந்தேகம்தான். அப்போது அவர்களுக்கு ஒரு கணக்கு தோன்றியது. 2-2 ஆக்கிவிட்டால் எக்ஸ்ட்ரா டைம், அங்கே ஒரு கோல் போட்டால் இரண்டாகக் கணக்கு, 4-2. வேண்டிய வித்தியாசம் கைக்கு வந்துவிடும். 87-ஆவது நிமிடத்தில் பார்படோஸ் வீரர் தன் கோலுக்குள்ளேயே பந்தை உதைத்துவிட்டார். தெரிந்தே போட்ட சேம் சைடு கோல்.

இப்போது கிரனடா யோசித்தது. நாம் ஒரு கோல் போட்டு 3-2 என்று ஜெயித்தாலும் தகுதி, நம் கோலிலேயே ஒன்றைப் போட்டு 3-2 என்று தோற்றாலும் தகுதி. ஆகவே அவர்கள் இரண்டு கோலில் எதில் வேண்டுமானாலும் பந்தைப் போடப் பார்த்தார்கள். பார்படோஸ் ஆட்கள் பாதிப் பேர் தங்கள் கோலையும், பாதிப் பேர் எதிராளியின் கோலையும் காத்து நின்றார்கள். ஒரே அணி இரண்டு கோலையும் காக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்! கடைசியில் எக்ஸ்ட்ரா டைமில் பார்படோஸ் அந்தக் கோலைப் போட்டு 4-2 என்று தகுதி பெற்றது. யாரும் விதியை மீறவில்லை. விதியை எழுதியவர்கள் இப்படி ஒரு நிலைமை வரும் என்று நினைக்கவே இல்லை. இந்த மேட்சைப் புதிதாக வந்த ஒருவருக்கு விளக்க எங்கள் குரூப்பில் போட்டியே நடக்கும்.

உண்மை எது, கட்டுக்கதை எது என்று பிரிப்பதும் இந்த விளையாட்டில் முக்கியமான பகுதி. 1950 உலகக் கோப்பையில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. கோல் போட்டவர் ஹெய்ட்டியில் பிறந்த ஜோ கேட்ஜன்ஸ். இது உண்மை. இங்கிலாந்துப் பத்திரிகைகள் அச்சுப்பிழை என்று நினைத்து 10-1 இங்கிலாந்து வெற்றி என்று போட்டார்கள் என்பது காலம் காலமாகச் சுற்றுகிற கதை, அதற்கு ஆதாரம் இல்லை. அதே 1950-க்கு இந்தியா போகாததற்கு, வெறுங்காலோடு ஆட ஃபிஃபா விடவில்லை என்றுதான் எல்லோரும் காரணம் சொல்வார்கள். ஆனால் இந்தியச் சம்மேளனம் அன்றைக்குச் சொன்ன காரணங்கள் அணித் தேர்வில் கருத்து வேறுபாடும் பயிற்சிக்கு நேரம் இல்லாததும். ஒலிம்பிக்தான் எங்களுக்குப் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவாகத் தெரியாது என்ற பொருளில் கேப்டன் சைலன் மன்னா பின்னாளில் பேசியிருக்கிறார். வெறுங்கால் ஆட்டம் மட்டும் நிஜம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அணி பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றது. இரண்டு பெனால்டி வேறு வீணாயிற்று. அந்த ஒரு கோல் சாரங்கபாணி ராமன் போட்டது. கட்டுக்கதையைத் தூக்கிப் போட்டாலும் மிச்சமிருக்கும் உண்மை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது பாருங்கள்.

இப்படிச் சரிபார்க்க எங்களுக்குப் பெரிய துணை ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் என்ற இணையதளம். 1994 ஜனவரியில் இணையத்தில் பழகிய சில கால்பந்துப் பைத்தியங்கள் ஆரம்பித்தது. பல நாடுகளின் ஆட்ட முடிவுகளைத் தன்னார்வலர்களே தேடித் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் சும்மா பேசிக்கொண்டிருந்ததிலிருந்து இவ்வளவு பெரிய ஆவணம் முளைத்தது என்பதை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கும்.

எங்கள் குரூப்பில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் ஒரு நாள் போட்ட கேள்வி: "53,000 பேர் பார்த்த மேட்ச், அடுத்த வருஷமே அந்த மாதிரி மைதானங்களில் ஆடத் தடை. எந்த அணி?" யாருக்கும் தெரியவில்லை. டிக் கெர் லேடீஸ். பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கிய அணி. 1920 டிசம்பர் 26, லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் அணியை 4-0 என்று வென்றார்கள். உள்ளே 53,000 பேர், இடம் கிடைக்காமல் வெளியே இன்னும் பல ஆயிரம் பேர். 1921 டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதில்லை என்று சொல்லி, தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்கள் அணிகளுக்குத் தரக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை விலக ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. கூட்டம் வரவில்லை என்பதால் பெண்கள் கால்பந்து வளரவில்லை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு தேதியைச் சொல்லுங்கள். அன்றைக்கு எங்கள் குரூப்பில் யாரும் கட்டைவிரல் போட்டுவிட்டு நகரவில்லை. அந்த அணியில் ஆடிய லில்லி பார் என்ற வீராங்கனையின் பெயரை முதல் தடவையாகப் பலர் தெரிந்துகொண்டார்கள். எனக்கு இது கோபம் வருகிற துணுக்கு, ஆனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய துணுக்கு.

புதிதாகக் குரூப் ஆரம்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எங்கள் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி போட்ட ஒரு மணி நேரத்துக்கு யாரும் தேடிப் பார்க்கக் கூடாது, நினைவிலிருந்துதான் பதில். தப்பான பதிலைக் கிண்டல் செய்யக் கூடாது. தப்பான பதிலிலிருந்துதான் நிறைய நேரம் அடுத்த கேள்வி பிறக்கும். சரியாகச் சொன்னவர் மறுநாள் கேள்வி போட வேண்டும். நேற்றைய மேட்சைப் பற்றிக் கேள்வி கூடாது. இந்தக் கடைசி வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நடுநடுவே வேறு பேச்சும் வரும். 1885-இல் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் அணி பான் அக்கார்டை 36-0 என்று அடித்த அதே நாளில் டண்டீ ஹார்ப் 35-0 என்று ஜெயித்தது என்று ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார், அதற்குள் இன்னொருவர் "நாளைக்கு இன்டர்வியூ, பயமாக இருக்கிறது" என்பார். உடனே ஸ்காட்லாந்தை விட்டுவிட்டு எல்லோரும் அவருக்குத் தைரியம் சொல்லப் போய்விடுவார்கள். ஒருவர் ரெண்டு நாளாகப் பதில் போடவில்லை என்றால், "என்ன தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மூத்த அண்ணன் ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டுவிடுவார். தினமும் ஒரு கேள்வி இருப்பதால்தான் ஒருவர் வராதது உடனே கண்ணில் படுகிறது. நேரில் பார்த்தே இராதவர்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு அந்தக் கேள்வி எவ்வளவு உதவுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி மக்களே, உங்களுக்கு ஒரு கேள்வி போடாமல் முடிப்பேனா? 1930 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஒரு நாட்டுக்காக ஆடித் தோற்றவர், 1934 இறுதிப் போட்டியில் வேறொரு நாட்டுக்காக ஆடிக் கோப்பையை ஜெயித்தார். இரண்டு இறுதிப் போட்டிகளில் இரண்டு நாடுகளுக்கு ஆடிய ஒரே வீரர் அவர்தான். பெயர் என்ன? ஒரு மணி நேரம் தேடாமல் யோசித்து கமென்ட்டில் போடுங்கள். பதிலோடு அடுத்த வீடியோவில் வருகிறேன்.