எதிரொலி காட்டும் இடம்

பெரியோர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸை அழைத்த பேரனுக்குப் பதற்றத்தில் இடம் சொல்ல வரவில்லை. "நாகர்கோவில், வடசேரிப் பக்கம், ஒரு முடுக்கு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வண்டி இரண்டு தெரு தள்ளி நின்று தேடியது. அவன் கையிலிருந்த போனோ அந்த நேரமெல்லாம் ரேடியோ அலையில் டவரோடு பேசிக்கொண்டுதான் இருந்தது.

அந்த அலையை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் போகும். மூன்று டவர்களுக்கு அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்தால் போதும். வெட்டவெளியில் சரி. தெருவுக்குள் நேர்வழி அடைபட்டு, அலை சுவர்களில் மோதித் திரும்பி வரும். 90 மீட்டர் சுற்றினால் 0.3 மைக்ரோ விநாடி தாமதம், கணக்கு பிசகிவிடும்.

இந்த எதிரொலியைத் தொல்லை என்று ஒதுக்க வேண்டியதில்லை. சலூனில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிர்க் கண்ணாடியில் வாசலில் நிற்பவர் தெரிகிறார். சுவருக்கு அப்பால் நிற்பதுபோலத்தான் கண்ணுக்குப் படும். ஆனாலும் நீங்கள் திரும்பிப் பார்ப்பது வாசலைத்தான், கண்ணாடி இருக்கும் இடம் தெரியும் என்பதால். கட்டடங்களின் வரைபடம் கையில் இருந்தால், அலை வந்த திசையையும் தாமதத்தையும் வைத்து அதே மாதிரி பின்னோக்கிப் போகலாம்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடித்தது. எந்தத் திசையிலிருந்து எவ்வளவு தாமதத்தில் எதிரொலிகள் வருகின்றன என்பது இடத்துக்கு இடம் ஒரு கோலம். நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பில் நின்று பேசும் போனின் எதிரொலிக் கோலம் வேறு, மீனாட்சிபுரத்தில் வேறு. முதலில் ஒரு வண்டியில் தெருத் தெருவாகப் போய் அந்தக் கோலங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்புறம் அழைப்பு வரும்போது ஒப்பிட்டால் போதும், போலீஸ் விரல்ரேகையை ஒப்பிடுவதுபோல. ஒரே டவரை வைத்தும் இதைச் செய்யலாம். இரண்டு தெருக்களின் கோலம் ஒத்துப்போனால்? போன் நகரட்டும், ஒரு தெருவில் போகிறவர் மறு நொடியில் அடுத்த தெருவுக்குத் தாவ முடியாதே!

அமெரிக்காவில் 1996-இல் அவசர அழைப்புகளுக்கு இடம் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. இந்த ஆராய்ச்சி சூடுபிடிக்க அதுவும் ஒரு காரணம். ஆளுக்குத் தெரியாமல் பின்தொடரவும் இதே வித்தை உதவும். சட்டத்தின் கடிவாளம் இல்லாமல் யார் கையிலும் இதைக் கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி.

கோலத்தை ஒப்பிடும் வழியில் ஒரு சிரமம் உண்டு. பஸ் கடந்தால் கோலம் கலையும். அதற்குப் பலமுறை அளந்து சராசரி எடுக்கலாம். புதிதாக ஒரு நாலு மாடி எழும்பினால் அந்தத் தெருவின் பதிவே பழசாகிவிடும். மறுபடியும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பத்தான் வேண்டும்.