பாகல் விதை ஏன் முளைக்கல? கூடவே ஒரு வத்தல் டப்பா கதை

வாங்க, வணக்கம். இன்னைக்கு ஏழெட்டு கேள்வி எடுத்து வச்சிருந்தேன். ஆனா இந்த ஒண்ணு மட்டும் நேத்து ராத்திரியில இருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதனால இதை முதல்ல எடுத்துக்கிறேன். ராஜபாளையத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்:

"அண்ணே, ஆடிப்பெருக்கு அன்னைக்கு வெண்டை, மிளகாய், பாகல் மூணும் மாடித்தோட்டப் பையில போட்டேன். வெண்டை நாலே நாள்ல வந்துருச்சு. மிளகாய் முளைச்சு, ஒரு விரக்கடை வளந்து, படக்குனு தலை சாஞ்சு செத்துருச்சு. பாகல் 15 நாளாகியும் எட்டியே பாக்கல. தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன். கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

தங்கச்சி, கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டு அந்த பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. முளைப்புத்திறன்னு ஒரு எண் போட்டிருக்கும். பாகலுக்கும் மிளகாய்க்கும் 60 சதவீதம், வெண்டைக்கு 65, தக்காளி, கத்தரிக்கு 70 இருந்தாலே அது தரமான விதைன்னுதான் கணக்கு. அதாவது பத்து பாகல் விதையில ஆறு வந்தா கடைக்காரர் மேல குத்தம் சொல்ல முடியாது. பரிசோதனை பண்ண தேதியும் இருக்கும், அதுல இருந்து ஒன்பது மாசம்தான் அந்த எண்ணுக்கு உத்தரவாதம். தேதி தாண்டியிருந்தா கடையில போய்க் கேளுங்க. தாண்டலையா? அப்ப நீங்களே ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன்"னு. எனக்கு அங்கதான் சந்தேகம்.

பழைய ஆளுங்க இப்பவே சிரிப்பீங்க, இவன் என்ன சொல்லப்போறான்னு தெரியும். ஆமா, அதேதான். விதைக்கு ஈரம் வேணும், தண்ணி வேணாம். நூறு தடவ சொல்லிட்டேன், நூத்தியோராவது தடவையும் சொல்றேன்.

ஒரு வேலை பண்ணுங்க. அந்தப் பையை மெதுவாக் கிளறி ஒரு பாகல் விதையை வெளிய எடுங்க. ரெண்டு விரல்ல வச்சு அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி கெட்டியா இருந்தா அது இன்னும் தூங்குது, பரவாயில்ல. அமுங்கி, உள்ள இருந்து வெள்ளையா கூழு மாதிரி பிதுங்கி, ஒரு ஊசுன வாடை வந்தா அது மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. விதையும் மூச்சு விடும்ங்க. மண்ணுல ஒவ்வொரு துகளுக்கு நடுவுலயும் கொஞ்சம் காத்து இருக்கு, நீங்க ஊத்துற தண்ணி அந்த எடத்தை அடைச்சுக்குது. வெண்டை சீக்கிரம் முளைக்கிற ஜாதி, உங்க தண்ணியில முங்கிச் சாகறதுக்குள்ள தப்பிச்சு மேல வந்துருச்சு. பாகல் தோலு தடிமன். அது ஈரத்தை உறிஞ்சி முழிக்கவே நாலஞ்சு நாள் ஆகும், மேல வர எட்டு பத்து நாள். அத்தனை நாளும் சகதியில கிடந்தா?

இந்தா, கிட்ட காட்டுறேன். இது பாகல் விதை. ஓரமெல்லாம் பல்லு பல்லா செதுக்கி வச்ச மாதிரி இருக்கா? இந்தப் பக்கம் கொஞ்சம் ஒடுங்கி இருக்கு பாருங்க, இங்க இருந்துதான் வேர் வரும். நகவெட்டியால இந்த முனையில தோலை மட்டும் லேசா ஒரு கடி. உள்ள இருக்கிற பருப்புல படக்கூடாது. அப்புறம் ராத்திரி பூரா வெதுவெதுப்பான தண்ணியில போட்டுட்டு, காலையில எடுத்து ஈரத்துணியில முடிஞ்சு ஒரு டப்பாவுல வச்சிருங்க. துணி எவ்வளவு ஈரம்? பிழிஞ்சா சொட்டக்கூடாது, கன்னத்துல வச்சா சில்லுனு இருக்கணும். அவ்வளவுதான் ஈரம். தினமும் ஒரு தடவ திறந்து காத்து காட்டுங்க. இது நான் வியாழக்கெழமை வச்சது, இன்னைக்கு அஞ்சாவது நாள். பத்துல ஏழுல இந்த மாதிரி வெள்ளை மூக்கு நீட்டிருச்சு. இதை அப்படியே எடுத்து அரை இஞ்ச் ஆழத்துல, வேர் கீழ பாக்க வைக்க வேண்டியதுதான்.

மிளகாய்க்கு வந்தது நாத்தழுகல். தண்டோட அடியில மண்ணை ஒட்டி நூலு மாதிரி மெலிஞ்சு கறுத்திருக்கும், பாத்திருப்பீங்க. பூஞ்சாணம். அதுக்கும் சோறு போட்டு வளத்தது அதே ரெண்டு வேளை தண்ணிதான். அடுத்த தடவ பேப்பர் கப்புல கீழ ஓட்டை போட்டு, நல்லா அலசுன தேங்காநார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, ஒரு கப்புக்கு ரெண்டு விதை. தண்ணியை மேல ஊத்தாதீங்க, தட்டுல ஊத்தி அதுல கப்பை வைங்க, மேல வரைக்கும் நனைஞ்சதும் எடுத்துருங்க. விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி, அதாவது கெட்ட பூஞ்சாணத்தை அடக்குற நல்ல பூஞ்சாணம், கிலோ விதைக்கு 4 கிராம்னு கணக்கு. நம்ம பத்து விதைக்கு ஒரு சிட்டிகை போதும், பிசறிப் போட்டுருங்க. ஆவணி பொறந்துருச்சேன்னு பயப்பட வேணாம், மிளகாய் இன்னும் போடலாம்.

உங்க கேள்விக்கு பதில் முடிஞ்சது. இப்ப நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்லப்போறேன், அதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. எல்லாரும் எப்படி முளைக்க வைக்கிறதுன்னு கேக்குறீங்க, எப்படி வளக்குறதுன்னு கேக்குறீங்க. காய்ச்சா எப்படித் திங்கிறதுன்னு ஒரு ஆள் கேட்டதில்ல!

சிரிக்காதீங்க. 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு போட்டாங்கள்ல, அப்ப என் மாடியில 40 பை இருந்துச்சு. வீடியோவுல பெருமையா காட்டிட்டு இருந்தேன். அந்த முதல் வாரம் காய்கறி வண்டி வரல. மாடிக்கு ஏறினா என்ன இருக்கு? தண்டுக்கீரை ஒரு கட்டு, கத்தரியில பூ, தக்காளியில பச்சைப்பிஞ்சு. பிப்ரவரியில ஒரே வாரத்துல வெண்டையும் கொத்தவரையும் கொட்டோ கொட்டுன்னு கொட்டி, தெருவெல்லாம் குடுத்து, மிச்சம் முத்திப்போய் கம்போஸ்ட்ல போட்டேன். தூக்கிப் போட்டு ஒரு மாசம்தான் ஆச்சு. அந்த ரெண்டு வாரமும் எங்களுக்குச் சோறு போட்டது எங்கம்மாவோட பரண். சுண்டவத்தல், மணத்தக்காளி, கொத்தவரங்கா வத்தல், செம்மண் கட்டிக் காய வச்ச துவரை, மொச்சை. நான் மாடியில நாப்பது பை வச்சிருந்தேன், அம்மா பரண்ல எட்டு டப்பா வச்சிருந்தாங்க. யாரு விவசாயின்னு வீட்டுல இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.

அப்புறம்தான் எனக்குப் பட்டம்னா, அதான் விதைக்கிற பருவம்னா, என்னன்னே புரிஞ்சது. தைப்பட்டத்துல விதைச்சா வெண்டை, கொத்தவரை மாசிக் கடைசியில ஆரம்பிச்சு பங்குனியில குவியும். குவியுற நேரத்துல பங்குனி, சித்திரை வெயில் மாடியில சும்மா காயுது. காயும் அதிகம், வெயிலும் அதிகம்! அந்த நேரத்துல வத்தல் போடாம அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக் குடுத்துட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில பையெல்லாம் சொதசொதன்னு நிக்கும்போது கடைக்கு ஓடுறோம். 2021 நவம்பர் மழையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டுச்சு, ஞாபகம் இருக்கா? வத்தல் அந்த மாசத்துக்குத்தான்.

கொத்தவரைக்கு ரெண்டு முனையும் கிள்ளி, உப்புத்தண்ணியில அரை வேக்காடு, வடிச்சு, வெள்ளைத்துணியில பரப்பி நாலு நாள் வெயில். சாயங்காலம் கீழ கொண்டு வந்துரணும், பனி படக்கூடாது. சுண்டக்காயை ஒண்ணு ரெண்டா தட்டி, புளிச்ச மோரு, உப்புல ஊற வச்சு, பகல்ல காய வச்சு, ராத்திரி அதே மோர்ல திரும்பப் போட்டு, மோரெல்லாம் இழுத்துக்கிற வரைக்கும். பிரஷர் இருக்கிறவங்க உப்பைப் பாத்துப் போடுங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க. வெண்டையை வேக வைக்கவே வேணாம், வட்டமா நறுக்கி மோர்ல பிசறிக் காய வச்சாப் போதும். ஒரு கிலோ காஞ்சா நூறு கிராமோ, கொஞ்சம் கூடவோதான் மிஞ்சும், போனதெல்லாம் தண்ணிதான்.

காஞ்சுருச்சான்னு எப்படித் தெரியும்? ஒடிச்சா படக்குனு சத்தம் வரணும். வளைஞ்சா இன்னொரு நாள் வெயில். முக்கியமா, வெயில்ல இருந்து எடுத்த சூட்டோட டப்பாவுல போட்டு மூடாதீங்க, உள்ள வேத்து பூசணம் பிடிச்சுரும். நிழல்ல ஆற விட்டு அப்புறம் மூடுங்க.

இதே கதைதான் விதைக்கும். பாருங்க, சுத்தி சுத்தி அங்கயே வந்துட்டேன். முளைக்க ஈரம் வேணும், தூங்க ஈரமே கூடாது. ஹாரிங்டன்னு ஒரு விதை ஆராய்ச்சியாளர் ஒரு கணக்கு சொல்லியிருக்கார், விதைக்குள்ள இருக்கிற ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா அதோட ஆயுசு ரெண்டு மடங்காகும்னு. எங்க அப்பத்தாவுக்கு ஹாரிங்டனைத் தெரியாது, ஆனா பூசணி விதையைச் சாம்பல்ல புரட்டிக் காய வச்சு, சுரைக்குடுக்கையில போட்டு அடுப்புக்கு மேல கட்டி வச்சுருவாங்க. புகை படும், சூடு படும், ஈரம் அண்டாது. நான் ஒரு வருசம் மொச்சை விதையை அவசரத்துல அரைகுறையாக் காஞ்சதோட பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டிட்டேன். ஆடியில பிரிச்சா வண்டு மட்டும்தான் இருந்துச்சு, மொச்சையெல்லாம் ஓட்டை. அம்மா டப்பாவுல கேட்டு வாங்கி விதைச்சேன்.

ஒண்ணு மட்டும் கவனம். கடையில வாங்கின விதையில செவப்பா, பச்சையா ஒரு சாயம் பூசியிருக்கும். அது பூஞ்சாண மருந்து. மிஞ்சுன அந்த விதையைச் சமையல் டப்பா பக்கமே கொண்டு போகாதீங்க, பிள்ளைங்க கையில படாம வைங்க. வீரிய ஒட்டு ரகமா, அதான் ஹைப்ரிடா இருந்தா அதோட காயில விதை எடுத்தாலும் அதே மாதிரி வராது. நாட்டு ரகத்துல ஒரு காயைப் பழுக்க விட்டு எடுங்க. உங்க பாகல்ல முதல்ல வர்ற காய்ல நல்லதா ஒண்ணைப் பாத்து, ஒரு நூலைக் கட்டி விட்டுருங்க, அதைப் பறிக்கக்கூடாதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. மஞ்சளாப் பழுத்து வெடிக்கிறப்போ உள்ள விதை செக்கச்செவேல்னு ஒரு சதையோட இருக்கும். அதைக் கழுவி, நிழல்லயே காய வைங்க.

அதுக்கு முன்னாடி அந்தப் பையைக் கிளறி விதையை அமுக்கிப் பாத்துட்டு, கெட்டியா, கூழான்னு கீழ எழுதுங்க தங்கச்சி. கறிவேப்பிலை ஏன் வளர மாட்டேங்குதுன்னு பதினோரு பேர் கேட்டிருக்கீங்க, அது அடுத்த வாரம். இப்ப வீட்டுல கூப்பிடுறாங்க, மாடியில சுண்டக்கா கிடக்கு, மேக்கால கறுக்குதாம்.