ஆர்ஜிபியைப் பிடுங்கிவிட்டு அம்பர் போட்டேன் | கிட்டாரில் எல்இடி

வணக்கம் மக்களே. போன வீடியோ முடிவில் ஸ்ட்ரிங் ஒப்பீடு வரும் என்று சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம் போகட்டும். மேஜையில் கிடக்கிற இந்த ஸ்ட்ராட் எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்ததில் இருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

இது நம்ம மெல்லிசைக் குழு நண்பருடையது, பெடல் போர்டு வீடியோவில் கை மட்டும் வந்ததே, அவர்தான். ஆடி பிறந்துவிட்டால் வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் அம்மன் கோயில் கச்சேரி அவருக்கு வரிசையாக இருக்கும். பாடகர் மேடை ஏறும்போது மொத்த லைட்டையும் அணைத்துப் புகை விடுவார்கள், அந்த இருட்டில்தான் இவர் 12ஆவது ஃப்ரெட்டுக்கு, அதாவது கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே இருக்கிற 12ஆவது உலோகக் கம்பிக்குப் போய், லீட் என்கிற தனி வாசிப்பை ஆரம்பிக்க வேண்டும். எந்த ஃப்ரெட் என்று காட்டுகிற நெக் ஓரத்துப் புள்ளி ஒன்றும் தெரியாது. நியாயமான தேவை, இல்லையா? அதற்காக நெக்கில் விளக்கு வைக்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் கிட்டாரின் உடல் பகுதியைச் சுற்றிக் கலர் மாறுகிற ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பை ஒட்டி, ஒரு ரிமோட்டையும் கையில் கொடுத்து 3,500 ரூபாய் வாங்கிவிட்டார். 3,500! நெக்கில் ஒரே ஒரு விளக்குகூட இல்லை. எதற்காகக் கேட்டாரோ அதைத் தவிர மற்ற எல்லாம் ஜொலிக்கிறது.

அதைக்கூட விட்டுவிடலாம். ஆம்ப்ளிஃபயரில் செருகினால் கொசு காதுக்குள் புகுந்த மாதிரி ஒரு சத்தம். முழு வெளிச்சத்தில் கொஞ்சம் அடங்குகிறது, ரிமோட்டில் வெளிச்சத்தைக் குறைத்தால் உடனே ஏறுகிறது. காரணம் இதுதான்: அந்தக் கன்ட்ரோலர் கரண்டை உண்மையில் குறைப்பதில்லை, நொடிக்குப் பல நூறு முறை எல்இடியை அணைத்து அணைத்துப் போடுகிறது. நம் கண்ணுக்கு அது மங்கலாகத் தெரியும். ஆனால் கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செப்புக் கம்பி, பக்கத்தில் கரண்ட் மாறினால் அதற்குக் கேட்கும். நொடிக்குப் பல நூறு முறை என்றால் அது நம் காது கேட்கிற எல்லைக்குள்தானே வருகிறது! அதுவும் இந்தக் கிட்டாரில் இருப்பது ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப். 1955இல் கிப்சனில் சேத் லவர் ஹம்பக்கர் என்கிற பிக்கப்பை வடிவமைத்ததே இந்த மாதிரி இரைச்சலை இரண்டு காயில் வைத்து ஒன்றுக்கொன்று அடித்து ஒழிக்கத்தான். கோயில் மேடையில் சீரியல் லைட், ஜெனரேட்டர் என்று ஏற்கனவே ஆயிரம் தொல்லை இருக்கிறது, கிட்டாருக்குள்ளேயே இன்னொன்றா?

ஆக, ஸ்ட்ரிப்பை முழுக்க உரித்தாயிற்று. நான் போட்டிருப்பது நெக் ஓரத்தில் மட்டும். வாசிக்கிறவருக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது, எனக்கு அதுதான் பிடிக்கும். சாதாரண எல்இடி, நேரான டிசி கரண்ட், கன்ட்ரோலர் கிடையாது. மாறாத கரண்ட் பிக்கப்பில் சத்தம் போடாது.

கலர் விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருந்தேன். நீலம் இருட்டில் கண்ணைக் குத்தும், அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிவப்பு, மேடையில் சிவப்பு லைட் போட்டதும் கரைந்துவிடும். அம்பர்தான் சரி. ஆனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் போய் 0805 என்கிற குட்டி சைசில் அம்பர் கேட்டால், கடைக்குக் கடை "வெள்ளை இருக்கு, ப்ளூ இருக்கு" என்றே சொல்கிறார்கள். ஒரு கடையில் மஞ்சளை எடுத்துக் காட்டி இதுதான் அம்பர் என்கிறார். இல்லை அண்ணா, இரண்டும் வேறு. கடைசியில் நரசிங்கபுரம் தெருப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை, பெரியவர் ஒருவர், டப்பாவைத் திறந்து டெஸ்டரில் வைத்து எரியவிட்டே காட்டினார். 20 எல்இடி 40 ரூபாய். ரெசிஸ்டருக்குக் காசே வாங்கவில்லை, "நாலுதானே, எடுத்துக்க தம்பி" என்றார். அந்த வெயிலில் அலைந்தது எல்லாம் அப்போதே போய்விட்டது. இனி எனக்கு அந்தக் கடைதான்.

சரி, வேலைக்கு வருவோம். கேமராவைக் கிட்ட கொண்டுவருகிறேன். ஃப்ரெட் போர்டு ஓரத்தில், ஃப்ரெட்டின் அடிப்பல்லுக்கு (மரத்துக்குள் இறங்குகிற பகுதிக்கு) கீழே படுகிற மாதிரி மெல்லிய காடி வெட்டி, அதில் எனாமல் கம்பியும் எல்இடியும் உட்கார்ந்து, மேலே எபாக்ஸி. புள்ளி வருகிற ஃப்ரெட்கள் 3, 5, 7, 9, 12இல் இரண்டு, 15, 17, 19, 21. மொத்தம் பத்து. அம்பர் ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட் வேண்டும், பேட்டரி 9 வோல்ட். மூன்றை வரிசையாகக் கோத்தால் 6 போக மீதி 3 வோல்ட், 1கே (1,000 ஓம்) ரெசிஸ்டர் போட்டால் 3 மில்லியாம்ப். இருட்டுக்கு இது தாராளம். இப்படி மூன்று வரிசையில் ஒன்பது போய்விடும், 21 மட்டும் தனியாக நிற்கும். அதற்கு 2.2கே, அதிலும் ஏறக்குறைய அதே 3 மில்லியாம்ப். ஆக மொத்தம் 12 மில்லியாம்ப். நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி சுமார் 500 மில்லியாம்ப் ஹவர் தரும், அப்படியென்றால் 40 மணி நேரம். ஆடி முழுக்க ஒரு பேட்டரி, இரண்டாவது கையிருப்பு.

இப்போது இதைப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பேட்டரி இறங்கி 7 வோல்ட்டுக்கு வந்தால் மூன்று கோத்த வரிசைகளுக்கு மீதி 1 வோல்ட்தான், கரண்ட் 1 மில்லியாம்ப்புக்கு விழுந்துவிடும். தனியாக இருக்கிற 21க்கு இன்னும் 2க்கு மேல் போகும். அதாவது மற்ற எல்லாம் மங்கி 21 மட்டும் பளிச்சென்று நின்றால் பேட்டரி மாற்றுகிற நேரம்! பவர் சப்ளையில் வைத்துக் குறைத்துக் காட்டுகிறேன்... எட்டு... ஏழரை... ஏழு. தெரிகிறதா? தனி மீட்டரே தேவையில்லை.

அப்புறம், சொல்ல விட்டுப்போனது: ஸ்விட்ச் தனியாக இல்லை. மோனோ ஜாக்கை எடுத்துவிட்டு ஸ்டீரியோ ஜாக் போட்டேன், பேட்டரியின் மைனஸ் அதன் ரிங் என்கிற நடு முனையில். வழக்கமான மோனோ கேபிள் அந்த முனையைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும். கேபிள் செருகினால் எரியும், பிடுங்கினால் அணையும். கச்சேரி முடிந்து அலுப்பில் அப்படியே பெட்டியில் வைத்தாலும் பேட்டரி வீணாகாது. நெக் கழற்ற வேண்டி வருமே, அதனால் நெக் பாக்கெட்டில் (நெக் உட்காருகிற குழியில்) ஒரு இரண்டு பின் கனெக்டர். பேட்டரிக்கு அந்த ஆள் பின்பக்கம் வெட்டிய பள்ளத்தையே வைத்துக்கொண்டேன், அந்த வேலை சுத்தம், அதைச் சொல்லியாக வேண்டும். கம்பி இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கித்தான் கொண்டுபோயிருக்கிறேன். ஸ்ட்ரிப் உரித்த இடத்துப் பிசினுக்கு லைட்டர் ஃப்ளூயிட், துணியில் தொட்டு. தின்னரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், பெயின்ட் போய்விடும்.

இப்போது ஆம்பை ஆன் செய்கிறேன், கெயின் பாதிக்கு மேல், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். லைட் கனெக்டரைக் கழற்றி... மாட்டி... கழற்றி... மாட்டி. வித்தியாசம் இருக்கிறதா? எனக்குக் கேட்கவில்லை.

சர்க்யூட் படம் டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. நண்பர் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறார், வெள்ளிக்கிழமை ராயபுரத்தில் கச்சேரி, மேடையில் எப்படித் தெரிகிறது என்று அங்கிருந்தே எடுத்துப் போடுகிறேன்.