ரேம் மாட்ட ரிஸ்ட் ஸ்ட்ராப் தேவையா? சந்தேகத்துக்கு விளக்கம்

போன வீடியோல கம்ப்யூட்டர்ல ரேம் (மெமரி சிப்புங்க இருக்குற பலகை) மாத்துறதைக் காமிச்சேன்ல, அதுக்கு ஒருத்தர் கேட்டிருக்காரு, "சார், நான் சென்னை, வேர்த்துக் கொட்டுற ஊர்ல ஸ்டாட்டிக், அதான் உடம்புல சேர்ற மின்சார சார்ஜ், எங்க வரும்? ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டுல கட்டி ஒயரால கேபினெட்டோட இணைக்கிற பட்டை) எதுக்கு? கடைக்காரர் வெறுங்கையாலதான் மாட்டுனாரு, ஒண்ணும் ஆகலையே"ன்னு. அப்பலேர்ந்து இதே கேள்விதான் மண்டைக்குள்ள ஓடுது.

ஈரம் இருந்தா சார்ஜ் சேர்றது குறையும், வாஸ்தவம். கார்பெட்ல நடந்தா வறண்ட காத்துல 35,000 வோல்ட் வரைக்கும் போறது, ஈரக்காத்துல 1,500 கிட்ட வந்துரும்னு சொல்லுவாங்க. ஆனா நம்ம கைக்கு சுருக்குனு தெரியவே சுமார் 3,000 வோல்ட் வேணும், சில சிப்புக்கு 100 வோல்ட்டே ஜாஸ்தி! பழைய வீடியோலயும் இதைத்தான் சொன்னேன், இப்பவும் சொல்றேன், கைக்குத் தெரியலைங்கறதுக்காக சிப்பு தப்பிச்சுதுன்னு அர்த்தம் இல்ல. அதுலயும் ஏசி போட்டா ரூம்ல இருக்குற ஈரத்தையும் உறிஞ்சிடும்.

கடைக்காரர் மாட்டுனது அன்னைக்கு ஓடும்ங்க. சிப்புல இருக்குற டிரான்சிஸ்டருக்குள்ள கேட் ஆக்சைடுனு சில நானோமீட்டர் கனத்துல ஒரு படலம் இருக்கு, அதுல லேசா அடிபட்டா உடனே சாகாது, மாசக்கணக்குல ஓடிட்டு திடீர்னு ஹேங் ஆகும், அப்போ ரேம் மாட்டுன நாள் யாருக்கு ஞாபகம் வரும்?

ஸ்ட்ராப் இருந்தா கேபினெட்ல பெயின்ட் இல்லாத இரும்புல மாட்டுங்க. அந்த ஒயர்ல 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கும், தப்பித்தவறி 230 வோல்ட்ல கை பட்டாலும் கால் மில்லிஆம்பியருக்குள்ளதான் ஓடும், அதனால ஸ்ட்ராப்புக்குப் பதிலா செம்புக்கம்பியைக் கையில சுத்திக்காதீங்க, உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ராப் இல்லையா, பிளக்கைக் கழட்டிட்டு அந்த இரும்பை அடிக்கடி தொடுங்க, ரேமை சில்வர் கவரோட கேபினெட்ல ஒரு தடவை வச்சுட்டு அப்புறம் பிரிங்க. நீங்க, கேபினெட், ரேம் மூணும் ஒரே வோல்ட்டேஜ்ல இருக்கணும், விஷயம் அவ்வளவுதான்.

ஆனா என்னைக் கேட்டா, நீங்க கேக்க வேண்டியது வீட்டு எர்த்தைப் பத்தி. மெட்டல் பாடி லேப்டாப் சார்ஜ்ல இருக்கும்போது தடவுனா விர்ர்னு இருக்குமே, அதை நிறைய பேர் ஸ்டாட்டிக்னு நினைக்கிறாங்க. ஸ்டாட்டிக் ஒரே அடியில முடிஞ்சுரும், இது விடாம வருதுல்ல? சார்ஜருக்குள்ள மின் இரைச்சலைக் குறைக்க வச்சிருக்குற ஒய் கெப்பாசிட்டர்ங்கற சின்ன பாகம் வழியா கசியுற கரண்ட் அது. ரெண்டு பின் சார்ஜருல அது சகஜம். மூணு பின்ல வந்தா பாயின்ட்ல எர்த் ஒயரே இல்லாம இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, 230 கிட்ட காட்டலைன்னா மொதல்ல அதைச் சரி பண்ணுங்க, ரேம் அப்புறம் மாட்டிக்கலாம்.