சிறுகதையின் உறுப்புகளும் சாயங்கால நூலகமும்

(காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊர்ப்புற நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் தந்து உதவிய அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, விழா நடத்தத் தம் உலர்களத்தை ஒழித்துக் கொடுத்த பெரியவர் அவர்களே, தனி ஆளாக நூலகத்தைத் தூக்கிச் சுமக்கும் நூலகர் அம்மா அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சிறுகதையின் உறுப்புகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கரு, பின்னல் (சம்பவங்களைக் கோக்கும் விதம்), பாத்திரம், களம், நோக்குநிலை, முடிவு என்று ஆறைச் சொல்லலாம். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து ஒரு பயனும் இல்லை. ஒரு கதையைப் படித்து முடித்ததும் மனசுக்குள் ஏதோ ஆகிறதே, அது எதனால் ஆயிற்று என்று தேடிப் பார்க்க இவை உதவும். அதற்காகத்தான் இவை.

சிறுகதையை ஒரே அமர்வில் படித்து முடிக்க வேண்டும், உள்ளே இருக்கிற எல்லாமே ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதினார். நமக்கு இது புதிதில்லை. நன்னூலில் பவணந்தியார் ஒரு நூலுக்கு வேண்டிய பத்து அழகுகளைச் சொல்லும்போது, சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்றுதான் தொடங்குகிறார். அவரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் நாம் உரிமை கொண்டாடுகிறோம்.

பாத்திரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.’ பாத்திரத்தின் மனசில் ஏற்கெனவே கிடப்பதுதான் கதையில் சம்பவமாக வெளியே வர வேண்டும். இல்லாததை எழுத்தாளர் வலிய இழுத்து வந்தால் வாசகர் நம்பமாட்டார். நம் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. நாவல்தான், ஆனாலும் பாத்திரத்திலிருந்து பின்னல் பிறப்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அந்தக் கேள்வி அவளுக்குள் கனன்றுகொண்டே இருக்கிறது. அதனால்தான் கடைசியில் விழுகிற கொலை நமக்குச் செயற்கையாகத் தெரிவதில்லை. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது.

அடுத்து நோக்குநிலை. கதையை யார் சொல்கிறார்கள், எங்கே நின்று சொல்கிறார்கள்? 1915இல் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையில் ருக்மிணியின் வாழ்க்கையை மரமே சொல்கிறது. மரம் பார்க்கும், கேட்கும், ஓடிப்போய்த் தடுக்க முடியாது. ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிற அந்த நிலைதான் துயரத்தைக் கூட்டுகிறது.

இது இன்னும் நன்றாக விளங்க எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் மாமா ஒரு மயிலைக் காளையைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப்போனார். சித்திரை மாதம். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். இதை மாமா சொன்னால் நேராகச் சந்தையில்தான் தொடங்குவார். தரகர் துண்டை விரிக்கிறார், அதற்கடியில் இவர் கையைப் பிடிக்கிறார். விரலில்தான் விலை, வாயில் ஒரு வார்த்தை கிடையாது. மாமா ஒரு விரலை நிமிர்த்துகிறார், தரகர் மடக்குகிறார். மறுபடியும் நிமிர்த்துகிறார். வெயில் மண்டையைப் பிளக்கிறது, காளை வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. கடைசியில் மாமா கேட்ட விலைக்கே முடிந்தது! அந்த இடத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ‘அப்படிப் போடு’ என்பார்கள். அத்தை சொன்னால் நகைக்கடையில் தொடங்கி, மகள் காதில் ஏறிய தோட்டில் முடிப்பார். அம்மாயி தொடங்குவது மறுநாள் காலையில். “பொழுது கெளம்பறதுக்கு முந்தியே எந்திரிச்சுச் சோளத்தட்டை அள்ளிக்கிட்டுக் கட்டுத்தறிக்குப் போனான். மொளைக்குச்சி வெறுமனே கெடக்குது. தட்டைக் கையில வெச்சுக்கிட்டே நின்னான். அப்பறம் எருமைக்குப் போட்டுட்டு வந்து காப்பி கேட்டான்.” அவ்வளவுதான், எழுந்து போய்விடுவார்.

சம்பவம் ஒன்று, கதை மூன்று. மாமா கதையில் போராட்டம் அவருக்கும் தரகருக்கும் நடுவில், அது புறப்போராட்டம். அம்மாயி கதையில் அது மாமாவுக்குள்ளேயே நடக்கிறது, அது அகப்போராட்டம். மகன் கலங்கினான் என்று அம்மாயி ஒரு சொல் சொல்லவில்லை. தட்டும் முளைக்குச்சியும் சொல்லிவிட்டன. மாமா சொல்லும் கதையிலோ அந்தக் காலையே கிடையாது.

சற்று முன் வந்து அமர்ந்திருக்கும் ஒன்றியக் குழு உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம். சரியான நேரத்துக்கு வந்தீர்கள், உங்களிடமும் தலைவரிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது.

எங்கள் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் அவரோடு போய்விட்டன. அப்படிப்பட்ட கதைகளை எழுத வேண்டிய பிள்ளைகள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். நம் நூலகம் எப்போது திறந்திருக்கிறது? இவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில். பள்ளி விட்டு வந்தால் பூட்டு. ஷிப்டு முடித்து வரும் தறிக்காரருக்கும் பூட்டு. அலமாரியில் இருக்கும் கதை பிள்ளைகள் கைக்கு வராவிட்டால் சட்டியில் என்ன இருக்கும், அகப்பையில் என்ன வரும்?

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் நம் திருப்பூர் அவினாசிலிங்கம் செட்டியார். அந்தச் சட்டப்படிதான் இன்றைக்கும் சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்துக் கட்டுகிறோம். ஆகவே நாம் கேட்பது சலுகை இல்லை. சாயங்காலம் நான்கு முதல் எட்டு வரை திறக்க வேண்டும், அதற்கு இன்னும் ஒரு ஆள் போட வேண்டும், ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகமாக உயர்த்த வேண்டும். இருக்கிற ஒரே நூலகர் அம்மா மேல் சுமையை ஏற்றச் சொல்லவில்லை.

களம், முடிவு பற்றி விரிவாகப் பேச இன்று நேரமில்லை. வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் இந்த நூலகக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும். வசதி உள்ளவர்கள் 1000 ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேருங்கள். கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட மேடைக்கு இடப்பக்கம் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், கதவு எண், கையெழுத்து. கையெழுத்துப் போடாத தாய்மார்கள் கைநாட்டு வைக்கலாம். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.